தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா? கார் பாலிசியின் எந்தப் பகுதி எந்த இழப்பைத் தரும்

கேள்வி இதுதான்: கார் வாங்கி மூன்று ஆண்டு முடிகிறது. ஷோரூமில் போட்டுக் கொடுத்த தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் தீரப்போகிறது. ஏஜென்ட் "தேர்ட் பார்ட்டி மட்டும் போடவா, ஃபுல் போடவா, ஜீரோ டெப் சேர்க்கவா" என்று கேட்கிறார். எதை எடுப்பது?

கார் பாலிசிக்குள் மூன்று தனித்தனிக் காப்புகள் இருக்கின்றன. உங்கள் கார் மற்றவருக்கு உண்டாக்கும் இழப்புக்கு ஒன்று; இதுதான் தேர்ட் பார்ட்டி. உங்கள் காருக்கே நேரும் சேதத்துக்கு இன்னொன்று. உரிமையாளரான உங்கள் உயிருக்கும் உடலுக்கும் மூன்றாவது. ஒன்றில் இருக்கும் பணம் மற்றொன்றுக்கு வராது. கிளெய்ம் நேரத்தில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வருகிறவை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேர்ட் பார்ட்டி

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி இது இல்லாமல் காரைச் சாலையில் இறக்கக் கூடாது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். ஆனால் அபராதத்தை நினைத்து இதை எடுப்பவர்கள் உண்மையான ஆபத்தைக் கவனிப்பதில்லை. உங்கள் கார் மோதி ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, அவருடைய வயது, வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். இளவயதில் நல்ல சம்பளம் வாங்கியவர் என்றால் அது கோடியைத் தொடலாம். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் முழுத் தொகையையும் நிறுவனம் கட்டும். பாலிசி இல்லையென்றால் அந்தத் தொகைக்கு உங்கள் வீடும் நிலமும் பொறுப்பாகும்.

பொருள் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு: 7.5 லட்சம் ரூபாய். விலையுயர்ந்த காரிலோ கடையின் முகப்பிலோ மோதி, சேதம் அதற்கு மேல் போனால் மீதி உங்கள் கையிலிருந்துதான்.

இதன் பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. எல்லா நிறுவனத்திலும் ஒரே விலை. எனவே "எங்களிடம் தேர்ட் பார்ட்டி மலிவு" என்று யாராவது சொன்னால் அந்தப் பாலிசி உண்மையானதுதானா என்று முதலில் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரியும்.

புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து வாங்கும் வழக்கம் 2018 செப்டம்பர் 1-இல் தொடங்கியது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது. முதல் ஆண்டுக்குப் பிறகு பலரும் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டதால், விபத்தில் சிக்கியவர்கள் இழப்பீடு கிடைக்காமல் தவித்ததே காரணம்.

இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. ஷோரூமில் கொடுக்கும் பாலிசியில் பொதுவாகத் தேர்ட் பார்ட்டிதான் மூன்று ஆண்டு; உங்கள் கார் சேதத்துக்கான காப்பு ஒரே ஆண்டு. "மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நம்பி இரண்டாம் ஆண்டு காரைக் காப்பில்லாமல் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். உங்கள் பாலிசித் தாளில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக இருக்கும். இப்போதே எடுத்துப் பாருங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் சொந்தச் சேதக் காப்பைத் தனியாகப் புதுப்பித்திருக்க வேண்டும். 2019 செப்டம்பரிலிருந்து அதை வேறு நிறுவனத்திலும் எடுக்க முடிகிறது. நான்காம் ஆண்டில் இரண்டையும் ஒரே பாலிசியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் காரில் உங்களோடு வரும் நண்பரும் உறவினரும் அந்தப் பாலிசியில் அடங்க மாட்டார்கள். கட்டணம் இல்லாமல் தனியார் காரில் பயணம் செய்பவர், சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பாலிசியில் மூன்றாம் நபராகக் கருதப்படுவதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தேர்ட் பார்ட்டியும் சொந்தச் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி, அதாவது பேச்சு வழக்கில் ஃபுல் இன்சூரன்ஸ், எடுத்திருந்தால் அவர்களுக்கும் பொறுப்பு உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் கார் என்றால், கார் எவ்வளவு பழையதானாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே பேக்கேஜ் பாலிசியைத் தொடரச் சொல்வேன்.

சொந்தச் சேதம்

விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம், மரம் விழுவது ஆகியவற்றால் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கு இது. இங்கே முதலில் பார்க்க வேண்டிய எண் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பு. கார் திருடு போனாலோ முற்றிலும் நொறுங்கினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை அதுதான். ஷோரூம் விலையிலிருந்து, ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்கு மேல் வயதான காருக்கு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது.

உங்கள் கார் 8 லட்சத்துக்கு வாங்கியது என்றால், மூன்று ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டில் நுழையும் நிலையில், 40 சதவீதம் கழித்து ஐ.டி.வி. சுமார் 4.8 லட்சம். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட சிலர் 4 லட்சம் என்று போட்டுத் தருவார்கள். மிச்சமாவது சில நூறு ரூபாய். கார் திருடு போனால் இழப்பு 80,000. இரண்டு நிறுவனங்களின் பிரீமியத்தை ஒப்பிடும்போது ஐ.டி.வி. இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். கடன் பாக்கி இருந்தால் அந்தப் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

இரண்டாவது, தேய்மானக் கழிவு. மாற்றும் பாகங்களுக்கு முழு விலையும் வராது. பிளாஸ்டிக், ரப்பர், நைலான், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் கார் புதிதாக இருந்தாலும் பாதிதான். ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் கழியும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகத்துக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும். மூன்று முதல் நான்காண்டுக் காருக்கு 25 சதவீதம். பெயின்ட் செலவில் கால்பங்கைப் பொருளுக்கானதாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலி முழுதாகக் கிடைக்கும்.

உங்கள் காரின் முன்பக்கம் இடித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000, ஹெட்லைட் 10,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 9,000, பெயின்ட் 12,000, கூலி 6,000. ஆக பில் 57,000 ரூபாய். பம்பருக்கு 4,000, ஹெட்லைட்டுக்கு 5,000, பானெட்டுக்கு 9,000, கண்ணாடிக்கு 9,000, பெயின்ட்டுக்கு 10,500, கூலி 6,000 என்று மொத்தம் 43,500 வரும். 1500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். அதற்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் 2,000. எனவே நிறுவனம் தருவது 42,500, நீங்கள் போடுவது 14,500. இந்தத் தேய்மானக் கழிவு இல்லாமல் பாகங்களுக்கு முழு விலையும் தரும் கூடுதல் இணைப்புதான் ஜீரோ டெப். இதே பில்லுக்கு அது இருந்திருந்தால் நீங்கள் கட்டுவது 1,000 மட்டும். இப்போதைய கார்களில் முன்பின் பகுதிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் ஜீரோ டெப் உண்மையிலேயே பயன்படும் இணைப்பு. பல நிறுவனங்கள் ஐந்தாண்டு வயது வரைதான் இதைத் தருகின்றன. ஆண்டுக்கு இரண்டு கிளெய்முக்கு மேல் அனுமதிக்காதவையும் உண்டு. எண்ணிக்கையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட், கிளிப் போன்றவற்றுக்கு ஜீரோ டெப்பிலும் பணம் வராது. அவை "கன்ஸ்யூமபிள்ஸ்" என்ற தனி இணைப்பில் வரும்.

வெள்ளமும் எஞ்சினும்

சென்னையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கார்கள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். அது சரியான முடிவு.

நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்து சீட்டு, ஒயரிங், மின்னணுப் பெட்டி கெட்டால், அது வெள்ளச் சேதம். சாதாரண பேக்கேஜ் பாலிசியிலேயே கிடைக்கும். சிக்கல் எஞ்சினில்தான். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் மேலேறும்போது அழுத்துவதற்குக் காற்று இருக்காது. தண்ணீரைச் சுருக்க முடியாது. அதனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தச் சேதத்தை நிறுவனம் "வெள்ளத்தால் வந்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று சொல்லி மறுக்கும். சாதாரண பாலிசியின் விதியும் அதற்கு இடம் தருகிறது. எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு இருந்தால்தான் இதற்குப் பணம். தாழ்வான பகுதியிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ காரை நிறுத்துகிறவர்கள் வேறு எந்த இணைப்பை விட்டாலும் இதை விடக் கூடாது.

இணைப்பு இருந்தாலும் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். மூழ்கிய காரில் சாவியைத் திருப்பவே கூடாது. பட்டன் ஸ்டார்ட்டையும் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்து, நான்கு சக்கரமும் மேலேறும் வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். கயிறு கட்டி இழுத்தால், குறிப்பாக ஆட்டோமேட்டிக் கார்களில், கியர்பாக்ஸும் போகும்.

மற்ற இணைப்புகளில், "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" முழு இழப்பின்போது ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கிய விலையைத் தரும். பல திட்டங்களில் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் சேரும். தமிழ்நாட்டில் 8 லட்சம் ரூபாய் காருக்கு ஆயுள் வரி மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது என்பதால், முதல் மூன்று ஆண்டுக்கு இது நல்ல காப்பு. அதற்குப் பின் பெரும்பாலும் கிடைக்காது. உங்களுக்கு இனி இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. சாவி, டயர், காரில் வைத்த பொருள் ஆகியவற்றுக்கான இணைப்புகளைப் பெரும்பாலானோர் தயங்காமல் விட்டுவிடலாம். சாலையோர உதவியைக் கார் நிறுவனமே கொடுத்திருந்தால் இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள்.

நோ கிளெய்ம் போனஸ்

கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். மூன்று ஆண்டு கிளெய்ம் இல்லாமல் புதுப்பித்து வந்திருந்தால் உங்களுக்கு இப்போது 35. ஒரே கிளெய்மில் இது பூஜ்ஜியத்துக்கு வரும். 50 சதவீதத்தில் இருப்பவர் கிளெய்ம் செய்தால், பழைய நிலைக்கு வர ஐந்து ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகளில் அவர் இழக்கும் தள்ளுபடி 50, 30, 25, 15, 5 என்று கூட்டினால் ஒரு ஆண்டுப் பிரீமியத்தில் 125 சதவீதம். போனஸ் கழிக்கும் முன் பிரீமியம் 12,000 என்றால் இழப்பு சுமார் 15,000, ஐ.டி.வி. ஆண்டுதோறும் குறைவதால் கொஞ்சம் குறையும். ஆக 5,000 ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போடுவது நட்டம். ஒர்க்‌ஷாப்காரர் "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பாருங்கள்.

போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. காரை விற்கும்போது நிறுவனத்திடம் சான்றுக் கடிதம் வாங்கினால், மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் புதுக் காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். அந்த 90 நாளும் காப்பு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முடிந்த தேதியின் நள்ளிரவிலிருந்து கார் வெறும் கார்தான். கடந்த ஆண்டு கிளெய்ம் வாங்கியதை மறைத்து போனஸ் போட்டுப் பிரீமியத்தைக் குறைப்பதும் நடக்கிறது. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கேட்டுச் சரிபார்க்கும். கண்டுபிடித்தால் சொந்தச் சேதக் கிளெய்ம் நிராகரிக்கப்படும், ஏஜென்ட் செய்த தவறாக இருந்தாலும்.

உரிமையாளருக்கான விபத்துக் காப்பு

15 லட்சம் ரூபாய். காரை ஓட்டும்போதோ அதில் பயணம் செய்யும்போதோ உரிமையாளர் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கிடைக்கும். வேறு வண்டியின் பாலிசியிலோ தனியாகவோ இதே அளவு விபத்துக் காப்பு ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்லி இதைத் தவிர்க்கலாம். நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு: ஆர்.சி. மனைவி பெயரில் இருக்கும், லைசென்ஸ் அவரிடம் இருக்காது, கார் ஓட்டுவது கணவர். இந்தக் காப்பு ஆர்.சி.யில் பெயரும் செல்லும் லைசென்ஸும் உள்ளவருக்கே என்பதால், கணவர் இறந்தால் இதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அந்த நிலையில் ஓட்டுபவரின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு விபத்துக் காப்பைச் சேருங்கள், அல்லது அவர் பேரில் தனி விபத்துப் பாலிசி எடுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். 50 ரூபாய் அளவில் முடிகிற சின்னத் தொகை.

கிளெய்ம் எங்கே உடைகிறது

லைசென்ஸ் காலாவதியாகி இருப்பது, குடித்துவிட்டு ஓட்டுவது, வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகைக்கு விடுவது, பதிவு செய்யாத கேஸ் கிட் பொருத்துவது: சொந்தச் சேதக் கிளெய்ம் மறுக்கப்படும் வழக்கமான காரணங்கள் இவை. லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஓட்டி யாரேனும் இறந்தால், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் அதை வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

விபத்து நடந்தால் அன்றே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். யாருக்கேனும் காயம் என்றால் போலீஸ் புகார் கட்டாயம். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை ஒரு பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பின் "இது பழைய சேதம்" என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாது. திருட்டுக்கு முதல் தகவல் அறிக்கை, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று, காரின் இரண்டு சாவிகளும் தேவை. இரண்டாவது சாவி எங்கே என்று இன்றைக்கே தேடி வையுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி காப்பு சட்டப்படித் தானாக மாறும். சொந்தச் சேதம் மாறாது. ஆர்.சி. உங்கள் பெயரிலும் பாலிசி பழையவர் பெயரிலும் இருந்தால், இருவருக்குமே பணம் கிடைக்காமல் போகும்.

உங்கள் காருக்கு என் பதில்: 4.8 லட்சத்தை ஒட்டிய ஐ.டி.வி.யுடன் பேக்கேஜ் பாலிசி, ஜீரோ டெப், கன்ஸ்யூமபிள்ஸ். மழைநீர் தேங்கும் பகுதி என்றால் எஞ்சின் பாதுகாப்பு. பிரீமியம் குறைய வேண்டுமானால் ஐ.டி.வி.யில் கை வைக்காமல், விருப்பப் பிடித்தத்தை, அதாவது கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்றுக்கொள்ளும் தொகையை, 2,500 ரூபாயாக ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். தள்ளுபடி பெரிதாக இல்லையென்றால் அதையும் விட்டுவிடுங்கள். பத்தாண்டு தாண்டிய கார், தனியாக ஓட்டுவது, போனால் தாங்க முடியும் என்ற நிலையில் மட்டும் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்தலாம்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பாலிசி நகல், சர்வேயர் அறிக்கை, பில்கள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.